ஒத்தியங்கு தொடர் இணைப்பு – ஓர் அறிமுகம்

முன்னுரை

ஓமந்தூர்ப் பக்கம் கிணற்றில் எவ்வளவு நீர் ஊறியிருக்கிறது என்றறிய உழவர் கொல்லைக்கு நேரில் போய்ப் பார்ப்பதே வழக்கம். நீர்மட்டத்தை வானொலி அலை வழியே வீட்டிற்கு அனுப்பும் கருவியை இன்று நம் மாணவர்களே அமைக்கலாம். அதற்கு ஒரு நுண்கட்டுப்படுத்தியும் ஒரு லோரா தொடர்பு அலகும் வேண்டும். எஸ்.எக்ஸ்.1276 என்னும் சில்லு அமைந்த அலகை இங்கு எடுத்துக்கொள்கிறேன். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் முறையே எஸ்.பி.ஐ. எனப்படும் ஒத்தியங்கு தொடர் இணைப்பாகும். 1980-களில் மோட்டோரோலா நிறுவனம் இதனை உருவாக்கியது.

நான்கு கம்பிகள்

கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, தலைவன் சொல்வதற்கு ஒன்று, துணைவன் சொல்வதற்கு ஒன்று, "உன்னைத்தான் அழைக்கிறேன்" என்று தெரிவிக்க ஒன்று. ஆக நான்கு. நுண்கட்டுப்படுத்தி தலைவன், லோரா அலகு துணைவன்.

ஏற்றம் இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மேலே மிதிப்பவரும் கீழே சால் பிடிப்பவரும் ஒரே பாட்டின் தாளத்திற்கு இயங்கினர். இங்கே தாளம் கடிகாரத் துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பிட் போகிறது. ஒரு பிட் வருகிறது. காலிச் சால் இறங்கினால்தான் நிறைசால் ஏறும். அதுபோலவே, துணைவனிடமிருந்து ஒரு பைட்டைப் படிக்கத் தலைவன் பொருளற்ற ஒரு பைட்டையேனும் அனுப்பியாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, திறன் வரம்புக்குட்பட்டு, உரிமமின்றிப் பயன்படுத்தலாம். இச்சில்லோ இயக்கியவுடன் 434 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். அதனை 866-க்கு மாற்றுவது நம் கடமை.

அலைவெண் 6, 7, 8 ஆம் பதிவகங்களில் உள்ளது. 32 மெகாஹெர்ட்ஸை 2-இன் 19-ஆம் அடுக்கால் வகுத்தால் வருவது ஒரு படி; ஏறத்தாழ 61 ஹெர்ட்ஸ். 866 மெகாஹெர்ட்ஸுக்கு 1,41,88,544 படிகள். முகவரியின் முதல் பிட் 1 எனில் எழுதுதல். 0 எனில் படித்தல். எனவே அனுப்ப வேண்டியவை:

10000110 – 6-ஆம் பதிவகத்தில் எழுது
11011000
10000000
00000000

முகவரி தானே ஒவ்வொன்றாகக் கூடிச் செல்லும். கடைசிப் பைட் சேர்ந்த பின்னரே புதிய அலைவெண் நடைமுறைக்கு வரும். மொத்தம் 32 துடிப்புகள். கடிகாரம் 1 மெகாஹெர்ட்ஸ் எனில் 32 மைக்ரோ விநாடிகள்.

சோதிக்கும் முறை

முதலில் 01000010 அனுப்பி, தொடர்ந்து ஒரு வெற்றுப் பைட்டை அனுப்புங்கள். 00010010 என்று விடை வந்தால் இணைப்பு சரி. எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என வந்தால், நிரலைத் திருத்துமுன் கம்பிகளைப் பாருங்கள். இச்சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குவது. 5 வோல்ட் தரும் பலகையுடன் நேராக இணைத்தால் கெட்டுவிடக்கூடும்.

முடிவுரை

சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' செயலி 2018-இல் நம் நாட்டிலேயே சில்லாக வார்க்கப்பட்டது. அதிலும் இவ்விணைப்பு உண்டு. ஆயத்த நிரலைப் படியெடுப்பது எளிது. ஆனால் நடுக்கொல்லையில் கருவி நின்றுவிட்டால், கம்பியில் என்ன ஓடுகிறது என்றறிந்தவனே அதை மீண்டும் ஓடவைப்பான். நம் ஆய்வுக்கூடத்தில் முதலில் கற்க வேண்டியது இதுவே என்பது என் கருத்து.