ராத்திரி மாத்திரை

என் தங்கம் மலருக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டால் "பரவால்ல அத்தை" என்பாய். அதனால் கேட்கவில்லை. ராத்திரி மாத்திரை போட்டாயா, அதைச் சொல்.

உன் வலிப்பைப் பற்றி வீட்டில் எல்லாம் பேசியாயிற்று, ஒன்றைத் தவிர. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 பேருக்கு ஒருவர், வேறு காரணம் எதுவும் அகப்படாமல் திடீரென்று இறந்துபோகிறார். டாக்டர்கள் இதை 'சூடெப்' என்கிறார்கள். பெரும்பாலும் தூக்கத்தில், பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில். கைகால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு அடங்கியபின் மூச்சு நின்று, இதயமும் நின்றுவிடுகிறது. 'டிசெண்டன்ட்ஸ்' படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாய்! அதில் நடித்த கேமரன் பாய்ஸ் 2019 ஜூலையில் தூக்கத்தில் இறந்தது இப்படித்தான். வயசு 20.

பயப்படாதே கண்ணு. மற்ற 999 பேருக்கு அது நேர்வதில்லை. பெரிய வலிப்பு அடிக்கடி வந்தால் ஆபத்து கூடுகிறது. அடங்கியிருந்தால் மிகவும் குறைவு. மாத்திரை மாத்திரை என்று நான் நச்சரிப்பது அதற்காகத்தான். "ரொம்ப நாளா வரலையே" என்று நீயாக நிறுத்திவிடாதே. அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே புதுசு வாங்கு. பரீட்சை என்று விடிய விடிய உட்காராதே, தூக்கம் கெட்டால் வலிப்புக்கு வழி விட்டதாகும். தனி அறை கிடைத்தாலும் வேண்டாம். சின்ன வயசில் பாயை விட்டு உருண்டு அடுக்களை வாசலில் கிடப்பாய், அதுவும் குப்புற! இனி மல்லாந்தோ ஒருக்களித்தோ படுத்துப் பழகேன்.

அறைத்தோழியிடம் சொல்லிவிடு. நாலு பேருக்குத் தெரிந்தால் கல்யாணம் தட்டிப்போகும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்காதே. மறைத்து வைத்தால் ராத்திரியில் உனக்கு யார் துணை? வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்கணும். நீ நன்றாக முழிக்கும்வரை பக்கத்திலேயே இருக்கணும். முடிந்துவிட்டது என்று அவள் திரும்பிப் படுத்துவிடக் கூடாது, அந்த நேரம்தான் முக்கியம். 5 நிமிஷம் தாண்டினாலோ மூச்சு வராவிட்டாலோ 108.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது 'சூடெப்' பற்றி நீயே கேள். அவராக எடுக்கட்டும் என்று காத்திராதே.

அந்தப் பெண் பேர் என்ன? எழுது, அவளுக்கும் சேர்த்து முறுக்கு சுடுகிறேன்.

உன் அத்தை