தைத்தேனியமும் பல் வார்ப்பும்: தாக்கவீதத் தொடரின் ஒரு பிரயோகம்

கனமூலை போன்ற புத்தளக் கரையோரக் கிராமங்களில் வாழும் உங்களுக்கு இரும்பு துருப்பிடித்தல் புதிய விடயமன்று. உப்புக் காற்றுப் படும் ஆணியும் கூரைத் தகடும் விரைவில் உக்கிப் போவதைக் கண்டிருப்பீர்கள். நமது வாயும் உலோகங்களுக்கு ஏறத்தாழ அத்தகைய சூழலே. உமிழ்நீரில் நீரும் உப்புகளும் உண்டு. இனிப்பு உண்டபின் வாயிலுள்ள பற்றீரியாக்கள் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. எனவே செயற்கைப் பற்களுக்குப் பயன்படும் உலோகம் அரிப்படையாததாகவும் உடலுக்குத் தீங்கற்றதாகவும் பாரம் குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். இத்தேவைகளை நிறைவு செய்யும் உலோகங்களுள் ஒன்று தைத்தேனியம். சில நூல்களில் இது டைட்டேனியம் எனப்படும்.

1. அடிப்படைத் தரவுகள்

அணுவெண்: 22
உருகுநிலை: 1668 பாகை செல்சியஸ்
அடர்த்தி: கன சென்ரிமீற்றருக்கு 4.5 கிராம்

பல்தட்டுச் செய்ய வழமையாகப் பயன்படும் கோபாற்று–குரோமியம் கலப்புலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 8.3 கிராம், பொன்னின் அடர்த்தி 19.3 கிராம்.

2. அரிப்படையாதது ஏன்?

“தைத்தேனியம் ஒட்சிசனுடன் தாக்கமுறாது” என விடை எழுதுவது பிழை. உண்மை இதற்கு எதிர்மாறானது. தைத்தேனியம் ஒட்சிசனுடன் மிக எளிதில் சேரும். புதிதாக வெட்டிய அதன் மேற்பரப்பில் உடனேயே ஒட்சைட்டுப் படலம் ஒன்று தோன்றுகிறது. சில நனோமீற்றர் தடிப்பே உடைய இப்படலம் உலோகத்துடன் இறுக ஒட்டி, நீரும் ஒட்சிசனும் உள்ளே செல்வதைத் தடுக்கிறது. கீறல் ஏற்பட்டாலும் படலம் மீண்டும் உருவாகும். அலுமினியத்திலும் இவ்வாறே நிகழ்வதை நீங்கள் கற்றுள்ளீர்கள். இரும்பின் துருவோ நுண்டுளைகள் கொண்டது, உதிர்ந்து போவது. ஆதலால் அது உலோகத்தைக் காப்பதில்லை.

3. தாதுவிலிருந்து உலோகம்

நமது நாட்டின் வடகிழக்குக் கரையில் உள்ள புல்மோட்டையின் கறுப்பு மணலில் இல்மனைற், ரூற்றைல் எனும் தைத்தேனியத் தாதுகள் செறிந்துள்ளன. எனினும் இலங்கை இத்தாதுகளைப் பெரும்பாலும் தாதாகவே ஏற்றுமதி செய்கிறது. அயல் நாடான இந்தியாவில், கேரளத்தின் சவறாவில் 2011இல் தைத்தேனிய உலோக ஆலை தொடங்கப்பட்டது.

இரும்பைப் போல் காபனால் தாழ்த்தித் தைத்தேனியத்தைப் பெற முடியாது; அவ்வாறு செய்தால் நொறுங்கும் இயல்புடைய தைத்தேனியம் காபைட்டு உண்டாகும். ஆகவே தாது முதலில் குளோரைட்டாக மாற்றப்படும். பின் தொடரில் மேலே உள்ள மகனீசியத்தால் அது தாழ்த்தப்படும். இது குரோல் முறை எனப்படும்.

தைத்தேனியம் நாற்குளோரைட்டு + 2 மகனீசியம் → தைத்தேனியம் + 2 மகனீசியம் குளோரைட்டு

இத்தாக்கம் வளி புகாத கலத்தில், ஆகன் வாயுச் சூழலில் நிகழ்த்தப்படும்.

4. பல்லுக்கு வார்த்தல்

பஞ்சலோகச் சிலை வார்க்கும் முறையே இங்கும் அடிப்படை. முதலில் பல்லுறை அல்லது பல்தட்டு மெழுகினால் செய்யப்படும். அதனைச் சுற்றி வெப்பம் தாங்கும் அச்சுக் கலவை ஊற்றப்படும். கலவை இறுகியபின் வெப்பமேற்றி மெழுகை அகற்றி, அவ்விடத்தில் உருகிய உலோகம் செலுத்தப்படும். ஆனால் தைத்தேனியம் மூன்று இடர்களைத் தருகிறது.

(அ) உயர் வெப்பநிலையில் அது வளியின் ஒட்சிசனையும் நைதரசனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறும். எனவே வெற்றிடத்தில் அல்லது ஆகன் சூழலில், செப்புக் கிண்ணத்தில் வைத்து மின்வில்லினால் உருக்குவர். பற்சிகிச்சைக்கென இத்தகைய இயந்திரங்கள் 1980களில் யப்பானில் உருவாக்கப்பட்டன.

(ஆ) சாதாரண அச்சிலுள்ள சிலிக்காவின் ஒட்சிசனையும் அது பறித்துக்கொள்ளும். இதனால் வார்ப்பின் மேற்பரப்பில் கடினமான, வெடிக்கக்கூடிய படை உண்டாகும். அதனை அரைத்து நீக்க வேண்டும். இதைக் குறைக்க, மேலும் உறுதியான மகனீசியம் ஒட்சைட்டு, சிர்க்கோனியம் ஒட்சைட்டு போன்றவற்றால் அச்சுச் செய்வர்.

(இ) அடர்த்தி குறைவாதலால் சுழற்சி மூலம் வார்க்கும்போது உலோகம் அச்சின் ஒடுங்கிய பகுதிகளை நிரப்பாமல் விடலாம். ஆகன் குமிழிகளும் உள்ளே சிக்கலாம். குமிழியுள்ள பல்தட்டு மெல்லும்போது உடையக்கூடும். ஆகையால் வார்ப்பு எக்ஸ் கதிரால் சோதிக்கப்படும்.

இவ்விடர்களைத் தவிர்க்க, இன்று கணினி மூலம் கட்டியிலிருந்து செதுக்கும் முறையும் உலோகத் தூளை லேசர்க் கதிரால் படைபடையாக உருக்கும் முறையும் பயன்படுகின்றன.

நினைவிற் கொள்க: வாயினுள் தைத்தேனியத்தைக் காப்பதும் உலையில் அதனைக் கெடுப்பதும் ஒரே பண்பே. அது ஒட்சிசன் மீதுள்ள நாட்டம். அறை வெப்பநிலையில் படலம் வாயிலை அடைக்கிறது. உயர் வெப்பநிலையில் ஒட்சிசன் உலோகத்தின் உள்ளேயே புகுந்துவிடுகிறது.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பல்தட்டின் கனவளவு 2 கன சென்ரிமீற்றர். தைத்தேனியத்தாலும் கோபாற்று–குரோமியத்தாலும் செய்தால் திணிவுகளின் வித்தியாசம் யாது?
விடை: 2 × 4.5 = 9 கிராம்; 2 × 8.3 = 16.6 கிராம். வித்தியாசம் 7.6 கிராம்.

2. தைத்தேனியத்தை உருக்க ஆகன் பயன்படுவது ஏன்?
விடை: ஆகன் சடத்துவ வாயு, உருகிய தைத்தேனியத்துடன் தாக்கமுறாது. “வளியைத் தடுக்க” என்று மட்டும் எழுதாது, ஒட்சிசன், நைதரசன் இரண்டையும் பெயர் குறிப்பிட்டு எழுதுக.

3. குரோல் முறையில் தாழ்த்தும் கருவி எது?
விடை: மகனீசியம். அது தைத்தேனியத்திலும் தாக்கம் கூடியது.