பூலிடோருக்குப் பரிதாபம் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

"ஒருநாள்கூட மஞ்சள் ஜெர்சி போடாத ஆளை எதுக்குண்ணா பிரான்ஸே கொண்டாடுது?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்விதான். ஆனால் முடிவுப் பட்டியலில் முதல் பெயரோடு படிப்பதை நிறுத்திவிடும் உன் பழக்கம் இதிலும் தெரிகிறது.

சைக்கிள் பந்தய வீரர் ரேமோன் பூலிடோரைத் தோற்றவர் கணக்கில் எழுதாதே. 1961இல் மிலான்–சான் ரேமோ, 1964இல் ஸ்பெயின் சுற்று, 1972இலும் 1973இலும் பாரிஸ்–நீஸ், எல்லாம் அவர் ஜெயித்தவை. மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி தரும் தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம்.

"அப்படின்னா அதிர்ஷ்டம் கெட்டவர்" என்பாய். அவசரப்படாதே. 1964 தூரில் மொனாக்கோ மைதானத்துக்குள் நுழைந்தவர், இன்னும் ஒரு சுற்று பாக்கி இருப்பது தெரியாமல் முழு வேகத்தையும் முன்னாலேயே செலவழித்துவிட்டார். அன்று ஜெயித்தவர் ஜாக் ஆங்க்தீல். அந்த வெற்றிக்குப் பரிசாக ஆங்க்தீலின் மொத்த நேரத்தில் ஒரு நிமிடம் கழிக்கப்பட்டது. பாரிஸில் பந்தயம் முடிந்தபோது ஆங்க்தீல் பூலிடோரைவிட 55 விநாடிதான் முன்னால் இருந்தார். கணக்குப் போட்டுப் பார். இதில் விதி எங்கே வந்தது?

அதே பந்தயத்தில் புய் த டோம் என்ற அணைந்த எரிமலை மேல் இருவரும் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். ஆங்க்தீலுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் களைப்பு வெளியே தெரிந்துவிடும் என்று பக்கத்திலேயே ஓட்டினார். பூலிடோர் அந்த நடிப்பை நம்பிவிட்டார். கடைசிக் கிலோமீட்டரில்தான் பிய்த்துக்கொண்டு போனார்; 42 விநாடி மீட்டார். மஞ்சள் ஜெர்சிக்கு இன்னும் 14 விநாடி தேவைப்பட்டது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருக்கலாமே மனுஷன்! எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உடனே ஆங்க்தீலை வில்லனாக்கிவிடாதே. கடிகாரத்தை எதிர்த்துத் தனியாக ஓட்டுவதில் அவரை மிஞ்ச அன்று ஆளில்லை.

ஜனங்கள் பூலிடோரை நேசித்தது பரிதாபத்தால் என்று நினைத்தால் 1974ஐப் பார். அப்போது வயது 38. பிரனே மலையில் ப்ளா தாதே ஏற்றத்தில் சைக்கிள் ஜாம்பவான் எடி மெர்க்ஸையே பின்னால் விட்டு ஜெயித்தார். அந்தத் தூரில் இரண்டாமிடம். 40 வயதில் மறுபடி மூன்றாமிடம். குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளை. கிட்டத்தட்ட ஒவ்வொரு ஜூலையிலும் சலிக்காமல் வந்து நின்றதை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் 2019இல் இறந்தார். மகள் வயிற்றுப் பேரன் மாத்யூ வான் டெர் போல் 2021இல் மஞ்சள் ஜெர்சி போட்டு அழுதார். தாத்தாவின் கடனைப் பேரன் தீர்த்துவிட்டார் என்று நீயும் எழுதிவிடாதே. பூலிடோர் யாருக்கும் கடன் வைக்கவில்லை. அந்த 1974 ஏற்றத்தின் படம் கிடைத்தால் பார்த்துவிட்டு, அப்புறம் என்னோடு சண்டைக்கு வா.

அன்புடன்,
அண்ணன்