ஓவர் கொடுத்துவிட்டுக் கிளம்பு

திருச்சி
16.05.2021

அன்பு மருமகளுக்கு,

'யார் செத்தாலும் அழுகையே வரமாட்டேங்குது அத்தை, நான் நர்ஸா இருக்கவே லாயக்கில்லை' என்று எழுதியிருந்தாய். அழுகைக்கும் லாயக்குக்கும் சம்பந்தமில்லை. கொரோனா வார்டில் பிபிஇ கிட்டுக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நிற்கிறாய். மூச்சுத் திணறுகிறவரை நாலு பேராகச் சேர்ந்து குப்புறப் படுக்கவைத்து முடிப்பதற்குள் அடுத்த பெட்டில் சாச்சுரேஷன் இறங்குகிறது. மனசு மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

என் கவலை வேறு. நோயாளி தண்ணீர் கேட்டால் எரிச்சல் வருகிறதா? பெயர் மறந்து 'பதினாலாம் பெட்' மட்டும்தான் மனசில் நிற்கிறதா? அப்படியானால் உடனே லீவு கேள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் மனசு மரத்துப்போகும் இந்தச் சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டில் குறிப்பிட்டபோது, இது நோயல்ல, வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்றே சொன்னது. பழுது உன்னிடம் இல்லையடி, டியூட்டி லிஸ்டில் இருக்கிறது. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது படிக்கும்போதே சொல்லிக்கொடுத்த கணக்கு. நீ ஐந்து பேரைப் பார்க்கிறாய். போன வருஷம் மார்ச் 22-ல் உங்களுக்காகக் கைதட்டினார்கள், மே 3-ல் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினார்கள். சந்தோஷம்தான். ஆனால் தேவதை என்று கூப்பிட்டுவிட்டால் ஆள் போதவில்லை என்று கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

கேள். வாயால் கேட்டால் காற்றோடு போகும். ரிப்போர்ட் புக்கில் எழுது. இத்தனை நோயாளிகள், இத்தனை வென்டிலேட்டர், நர்ஸ் இத்தனை பேர் என்று நேரம் குறித்துக் கையெழுத்துப் போடு. புலம்பலாக வேண்டாம், கணக்காக இருக்கட்டும். நான் நர்ஸிங் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தபோது அப்படிப்பட்ட பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலிடத்தில் ஆள் கேட்க முடிந்தது.

அடுத்த ஷிஃப்டுக்கு ஓவரை மட்டும் ஒழுங்காகக் கொடு. எந்த ட்ரிப் எப்போது முடியும், யாருக்கு ஆக்சிஜன் எத்தனை லிட்டர், யார் வீட்டுக்கு இன்னும் போன் போகவில்லை, எல்லாம். கொடுத்த பிறகு வார்டு உன்னுடையதல்ல, கிளம்பு. 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று தங்குவதை அர்ப்பணிப்பு என்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். கிட்டைக் கழற்றும்போதுதான் தொற்ற வாய்ப்பு அதிகம். கண் சொருகக் கழற்றுகிறவள் அடுத்த வாரம் அதே வார்டில் படுத்திருப்பாள்.

தூக்கம் வராவிட்டால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மாத்திரையை நீயாக எடுக்காதே. 104-க்குப் பேசு, இல்லையென்றால் மனநல டாக்டரைப் பார்.

ராஜினாமா உன் இஷ்டம். ஆனால் நைட் டியூட்டி முடிந்த காலையில் எழுதாதே. தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்ட பிறகும் அதே எண்ணம் இருந்தால் எழுது. அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் மட்டும் நின்றுவிடாதே. அந்தச் சுமை கூட இருக்கும் பெண்ணின் தலையில் விழும்.

வியாழக்கிழமை உனக்கு ஆஃப் என்று அண்ணி சொன்னாள். அன்று நான் போன் பண்ணமாட்டேன், நீயும் யார் போனையும் எடுக்காதே.

உன் அத்தை