மெழுகை விடுங்கள், திரியைப் பாருங்கள்

வீட்டில் மெழுகுவத்தி செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது வாசனை எண்ணெய். அடுத்து, ரோஜாப்பூ வடிவத்தில் ஒரு சிலிக்கோன் அச்சு. மெழுகு அதற்கப்புறம். திரி என்று வந்தால் மட்டும், "பூஜை அலமாரியில் இருக்கிற நூல்திரி போதாதா?" என்பார்கள். போதாது. வத்தி அணைந்து அணைந்து போனாலும், கண்ணாடியில் கரி பிடித்தாலும், நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு உருகாமல் நின்றாலும் பெரும்பாலும் குற்றவாளி திரிதான். பழி மெழுகின் மேல் விழும். கடையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பட்டியலைத் திரியிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்ய வேண்டியவை

பின்னல் திரி வாங்குங்கள். அகல் விளக்கில் திரி கருகினால் நாம் தூண்டிவிடுகிறோம். மெழுகுவத்தியைத் தூண்ட ஆளில்லை. கருகிய நுனியைத் திரி தானே தீர்த்துக்கொள்ள வேண்டும். தட்டையாகப் பின்னிய பருத்தித் திரி எரிய எரிய வளைந்துகொடுக்கும். அதன் நுனி சுடரின் ஓரத்துக்கு வரும். அங்கே காற்றும் உண்டு, சூடும் அதிகம் என்பதால் சாம்பலாகி உதிர்ந்துவிடும். 1825 வாக்கில் பிரான்சில் கம்பாசெரே என்பவர் இந்தப் பின்னலைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அங்கே மாட்டுக்கொழுப்பு வத்தி ஏற்றியவர்கள் திரி நறுக்குவதற்கென்றே ஒரு கத்தரி வைத்திருந்தார்கள். முறுக்கிய நூல் வளையாமல் நிமிர்ந்தே நிற்கும்; நுனியில் கரி காளானாகத் திரளும்; சுடர் எகிறும், புகையும்.

மெழுகுக்கும் விட்டத்துக்கும் பொருந்தும் திரியாகப் பாருங்கள். வத்தியின் உயரம் முக்கியமில்லை, அகலம்தான் கணக்கு. பாரஃபின் உருகினால் தண்ணீராக ஓடும், திரியில் எளிதாக ஏறும்; மெல்லிய தட்டைப் பின்னல் போதும். தேன்மெழுகு உருகின பிறகும் கொஞ்சம் கெட்டிதான். அதை மேலே இழுக்கத் தடித்த சதுரப் பின்னல் வேண்டும். சோயா இரண்டுக்கும் நடுவே. பாரஃபினுக்குப் போட்டதைவிட ஒரு அளவு கூட்டிப் பாருங்கள்.

மொத்தமாக ஊற்றுவதற்கு முன் ஒன்றை எரித்துப் பாருங்கள். ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. மூன்று அங்குலக் கண்ணாடி என்றால் மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு ஓரம்வரை எட்டியிருக்க வேண்டும், ஆழம் ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் திரி மெல்லிசு. அதற்கு முன்பே எட்டிவிட்டு, சுடர் ஆடி, கண்ணாடி கறுத்தால் திரி தடிசு. காற்றாடியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், இல்லையேல் எதுவும் தெரியாது. இந்த ஒரு சோதனையைச் சோம்பல்படாமல் செய்தால் பாதி வேலை முடிந்தது.

எதற்கு எந்த மெழுகு என்று தெரிந்து வாங்குங்கள். தனியாக நிற்கும் வத்திக்கு, மொத்தக் கடைகளில் பாளமாகக் கிடைக்கும் 58–60 பாரஃபின் சரி. அந்த எண் அது உருகும் சூடு, செல்சியஸில். நூறு கிராமுக்கு ஐந்து முதல் பத்து கிராம் ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் வத்தி கெட்டிப்படும், பால் வெள்ளை நிறம் வரும், அச்சிலிருந்து சிரமமில்லாமல் கழன்றுவரும். கண்ணாடியில் ஊற்றும் சோயா மெழுகு 50 டிகிரி அளவிலேயே உருகுவது. அதில் தூண் வத்தி செய்து சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் சாய்ந்துவிடும்.

தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும். விலை அதிகம், அதனாலேயே பாரஃபின் கலந்து விற்பார்கள். ஒரு துண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிசையுங்கள். நல்ல தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி ஒட்டும், தேன் வாசமும் வரும். பாரஃபின் கூடினது பொடியாக உதிரும். பழைய தேன்மெழுகின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சணம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இயல்பு, துணியால் துடைத்தால் போகும். நீலகிரிப் பக்கம் போகிறவர்கள் கோத்தகிரியில் விசாரித்துப் பாருங்கள்; மலைத்தேன் எடுக்கும் பழங்குடியினரோடு கீஸ்டோன் அமைப்பு அங்கே பல வருடங்களாக வேலை செய்கிறது.

ஜெல் மெழுகைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பார்க்க அழகு, எரிய அல்ல.

பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கட்டும். அதற்குள் மெழுகுப் பாத்திரம். தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது, மெழுகும் தாண்டாது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். பாரஃபினை 75–80 டிகிரியிலும் சோயாவை 55–60 டிகிரியிலும் ஊற்றலாம். தேன்மெழுகு 85-ஐத் தாண்டினால் நிறம் மங்கும்.

மெழுகை எடைபோட்டு எடுங்கள். கிண்ணத்தில் 200 மில்லி தண்ணீர் பிடித்தால் மெழுகு 180 கிராம் போதும். மெழுகு தண்ணீரைவிட லேசு. அளந்த பிறகு கிண்ணத்தை ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். வாசனை எண்ணெய் நூறு கிராமுக்கு ஆறு கிராம் என்று ஆரம்பிக்கலாம். கூடப் போட்டால் மணம் கூடாது, எண்ணெய்தான் மேலே வியர்க்கும்.

கொஞ்சம் மெழுகை மிச்சம் வையுங்கள். ஆறும்போது மெழுகு சுருங்கும், திரியைச் சுற்றிப் பள்ளம் விழும். மேலே ஏடு கட்டியதும் திரியோரம் இரண்டு மூன்று இடத்தில் குச்சியால் குத்திவிட்டு, முழுக்க ஆறின பின் மிச்சத்தை உருக்கி நிரப்புங்கள்.

ஏற்றும் ஒவ்வொரு முறையும் திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். வாங்கிய வத்திக்கும் இதுதான்.

செய்யக்கூடாதவை

நேரடியாக கேஸ் அடுப்பில் மெழுகை வைக்காதீர்கள். மெழுகு பொங்கி எச்சரிக்காது. சும்மா இருக்கிற மாதிரியே சூடேறி, 200 டிகிரி அளவில் அதன் ஆவி தீப்பற்றும். தண்ணீர்ப் பாத்திரம் வைத்தாலும் போன் பேசப் போய்விடாதீர்கள். தண்ணீர் வற்றினால் கதை அதேதான்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும். எரிகிற மெழுகைக் கூரைவரை வீசிவிடும். அடுப்பை அணைத்து, பொருந்துகிற மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். மூடியை முதலிலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கையில் மெழுகு கொட்டினால் மட்டும் குழாய்த் தண்ணீர்தான்: இருபது நிமிடம் காட்டுங்கள், ஒட்டினதைப் பிய்க்காதீர்கள்.

சென்ட், அத்தர், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எதையும் வாசனைக்காக ஊற்றாதீர்கள். சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது, சூட்டில் குப்பென்று பற்றும். கற்பூரமும் வேண்டாம்.

கிரையான், கேசரிப் பொடி போட்டு நிறம் ஏற்றாதீர்கள். கேக்குக்குப் போடும் நிறம் தண்ணீரில் கரைவது, மெழுகில் கரையாது. கிரையானின் நிறப்பொடி திரியின் துளைகளை அடைக்கும். மெழுகுக்கென்றே எண்ணெயில் கரையும் சாயம் விற்கிறது, சிட்டிகை போதும்.

பட்டை, கிராம்பு, உலர்ந்த பூ இவற்றை மெழுகுக்குள் பதிக்காதீர்கள். படத்தில் எடுப்பாக இருக்கும். சுடர் அதுவரை இறங்கினதும் அவையும் திரியாக மாறி எரியும். ஒரு வத்தியில் நாலு சுடர்.

கொட்டாங்குச்சியிலும் பூச்சில்லாத மண் அகலிலும் ஊற்றாதீர்கள். கொட்டாங்குச்சி தானே விறகு. மண் அகல் மெழுகை உறிஞ்சிக் கசியும், சில சமயம் விளிம்பிலேயே தீப்பிடிக்கும். காபி குடிக்கும் மெல்லிய கண்ணாடி டம்ளரும் ஆகாது. சூட்டில் விரிசல் விடும்.

உள்ளே கம்பி வைத்த திரியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். முன்பு ஈயக் கம்பி வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும் என்பதால் அமெரிக்கா 2003-இல் அதைத் தடை செய்தது. எந்த உலோகம் என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் பருத்தித் திரியே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊற்றியதும் ஃபேன் போடாதீர்கள், ஃப்ரிஜ்ஜிலும் வைக்காதீர்கள். வெடிப்பு விடும்.

மிச்ச மெழுகைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் உறைந்தால் பிளம்பர் வந்தாக வேண்டும். சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் பாத்திரத்தைத் துடைத்துவிடுங்கள். ஊற்றின மிச்சத்தைப் பட்டர் பேப்பரில் வில்லையாக உறையவிட்டு எடுத்து வையுங்கள். சோயாவும் பாரஃபினும் ஒன்றாகப் போய்விடாமல் டப்பாவின் மேல் பெயரும் எழுதி ஒட்டுங்கள்.