பேராதனையிலிருந்து கூப்பிட்டால் குண்டசாலை லெப்டொப் எழும்புமா?

கேள்வி: என் வீடு குண்டசாலையில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். தரவு, மென்பொருள் எல்லாம் வீட்டு லெப்டொப்பில்தான். அதைத் தினமும் காவிக்கொண்டு இரண்டு பஸ் ஏற முடியாது. போனில் ஒரு ஆப் போட்டு, வீட்டில் இருந்தபடி உறங்கும் லெப்டொப்பை எழுப்பிப் பார்த்தேன், உடனே எழும்பியது. பேராதனையிலிருந்து அதே பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவுக்குக் கோல் எடுத்து, கணினியைத் திறந்துவிடச் சொல்கிறேன். வீட்டில் 4ஜி ரவுட்டர். அதிலிருந்து லெப்டொப்புக்குக் கேபிள் போட்டிருக்கிறேன். எங்கே பிழை?
— வாசகி, குண்டசாலை

பதில்: நீங்கள் பிழை எதுவும் விடவில்லை, சகோதரி. வீட்டுக்குள் எழும்புகிறது என்றால் பயோஸ், நெட்வேர்க் கார்ட், விண்டோஸ் மூன்றிலும் அமைப்புகள் சரியாக இருக்கின்றன. பலர் அந்த இடத்தைத் தாண்டவே சிரமப்படுகிறார்கள். உங்கள் அழைப்பு வீட்டு வாசலுக்கே வந்து சேரவில்லை என்பதுதான் சிக்கல்.

அந்த ஆப் அனுப்புவது மேஜிக் பேக்கட் எனப்படும் மிகச் சிறிய செய்தி. 255 என்ற எண் 6 தடவை, அதன் பின்னால் உங்கள் நெட்வேர்க் கார்ட்டின் மேக் முகவரி 16 தடவை. மொத்தமே 102 பைட். கணினி உறங்கும்போதும் அந்தக் கார்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். தன் முகவரி அப்படி 16 தடவை வருகிறதா என்று மட்டும் அது பார்த்திருக்கும். வந்தால் கணினியை எழுப்பும். 1995இல் ஏஎம்டி நிறுவனம் இந்த முறையை விளக்கி வெளியிட்டது. பின்னர் ஐபிஎம், இன்டெல் ஆகியவை இதைப் பரப்பின. அப்போது மனதில் இருந்தது அலுவலக மேசைக் கணினிகள்: இரவில் எல்லாவற்றையும் எழுப்பி, பராமரிப்பு வேலையை முடித்து, மறுபடி உறங்க வைப்பது. எல்லாம் ஒரே கட்டடம், ஒரே வலையமைப்பு.

உறங்கும் கணினிக்கு ஐபி முகவரி கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அதனால் இந்தச் செய்தி வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படுகிறது. அப்படிப்பட்ட பொது அழைப்பை வெளியிலிருந்து உள்ளே விடுவதில்லை என்பது ரவுட்டர்களின் வழக்கம். ஒரு காலத்தில் விட்டார்கள். அதைப் பயன்படுத்தி வலையமைப்புகளை முடக்கும் தாக்குதல்கள் பெருகவே, 1999இல் இணையத் தரநிலையிலேயே அதை அடைத்துவைப்பது இயல்புநிலை ஆனது.

4ஜி இணைப்பில் இன்னொரு மதிலும் உண்டு. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து வான் (WAN) முகவரியை, அதாவது வெளிப்பக்க இணைய முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினாலோ, ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயன் இல்லை. பைபர் இணைப்பில் தனிப் பொது முகவரி உள்ளவர்கள் போர்ட் திறந்து முயல்வதுண்டு. லெப்டொப் உறங்கிய கையோடு அனுப்பினால் எழும்பும்; சிறிது நேரம் போனதும் எந்த முகவரி எந்தக் கருவிக்குரியது என்பதை ரவுட்டர் மறந்துவிடும், அழைப்பு வீணாகும். காலையில் சோதித்தபோது சரியாக இருந்தது, மத்தியானம் வேலை செய்யவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். எப்படியானாலும் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் நிரல்கள் அந்த எண்ணைத்தான் ஓயாமல் தேடுகின்றன.

சரியான வழி, கூப்பிடும் ஆளை வீட்டுக்குள்ளேயே வைப்பது. ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி ஒன்றை ரவுட்டரின் பக்கத்தில் எப்போதும் ஓட விடுங்கள். அதிலும் உங்கள் போனிலும் டெயில்ஸ்கேல் என்ற தொலைவு இணைப்புச் செயலியைப் போடுங்கள். பகிர்ந்த முகவரிக்குப் பின்னாலும் அது வேலை செய்யும். பேராதனையில் இருந்து அந்தச் சின்னக் கணினிக்குள் நுழைந்து, எழுப்பும் கட்டளையை அங்கிருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் வேறொரு கணினி பகலில் ஓடுகிறது என்றால் செலவே இல்லை: இரண்டிலும் எனிடெஸ்க் என்ற தொலைவுக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டால், விழித்திருக்கும் கணினி மூலம் உறங்குவதை எழுப்பலாம்.

ஆனாலும் உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், அது லெப்டொப். சார்ஜர் கழன்றால் பெரும்பாலான லெப்டொப்கள் இந்த அழைப்பைக் கேட்பதை நிறுத்திவிடும். கண்டிப் பக்கம் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கியதும் வீடுகளில் முதலில் கழற்றுவது ரவுட்டரையும் சார்ஜரையும்தான். உங்கள் அம்மாவும் அப்படிச் செய்வாரானால் தடுக்காதீர்கள். அவர் செய்வதே சரி. மின்னல் இறங்கிய பிறகு எழுப்ப ஒன்றும் மிஞ்சாது.

மலிவான வழி வேறு இருக்கிறது. காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது லெப்டொப்பை உறங்க விடாதீர்கள். பவர் அமைப்பில், சார்ஜரில் இருக்கும்போது உறங்கவே கூடாது என்றும், மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யக்கூடாது என்றும் மாற்றுங்கள். மெத்தையில் வைக்காமல் மேசையில் வையுங்கள். சூடு வெளியேற வேண்டும். சும்மா இருக்கும் லெப்டொப் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 மணிநேரம், மாதம் 22 நாள் என்றால் 2.2 அலகு. இரவு பகலாக விட்டால் 7 அலகைத் தாண்டும். மின் பாவனை மாதம் 60 அலகை ஒட்டி நிற்கும் வீட்டில் அது கட்டணத்தை மேல்படிக்குத் தள்ளிவிடும். ஆகவே பகலுக்கு மட்டும். பற்றரி எந்நேரமும் முழுதாக நிரம்பியிருப்பது அதற்கு நல்லதல்ல. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் லெப்டொப்பில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

புது லெப்டொப் வாங்க எண்ணும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு சொல். கமாண்ட் புரொம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையை அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். எஸ்3 என்று வந்தால் பழைய ஆழ்ந்த உறக்கம். கேபிளில் எழுப்புவது அநேகமாக நடக்கும். எஸ்0 மட்டும் வந்தால் அது புதுவகை அரைத் தூக்கம். எழும்புமா என்பது ஒவ்வொரு மொடலுக்கும் மாறும். வைஃபை மூலம் எழுப்புவதை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இருக்கவில்லை. ஜூன் மாதம் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் எந்த மேஜிக் பேக்கட்டும் உதவாது. உங்கள் ஆய்வுத் தரவு ஒரே லெப்டொப்பில் மட்டும் இருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உண்மையாகவே கலங்க வைத்தது. எழுப்பும் வேலை அடுத்த வாரம் நடக்கட்டும். இன்று இரவே ஒரு பிரதி எடுத்து, நாளை பேராதனைக்குக் கொண்டுபோய் வையுங்கள்.