கஞ்சா விதை எண்ணெயும் நம் அங்கத்தினரும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்க நாம் சென்றிருந்தபோது, காரியதரிசி ஒரு சிறு கண்ணாடிச் சீசாவை மேஜைமீது வைத்தார். சாயத்தொட்டி வேலையால் விரல்கள் வெடித்துப்போன அங்கத்தினர் ஒருவர் அதனை விலைக்கு வாங்கித் தடவி வருகிறாராம். மேலே ‘ஹெம்ப் ஆயில்’ என்று அச்சிட்டிருந்தது. இச்செடியைப் பயிரிட்டால் விளைச்சலை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகவும், விதைக்கு முன்பணம் கட்ட வேண்டுமென்றும் ஒரு வியாபாரி சொல்லிச் சென்றிருக்கிறார். விவசாயிகள் சிலர் பணம் திரட்டவும் தொடங்கிவிட்டனர்.

“சணப்பைதானே ஐயா, நாம் அறியாத பயிரா?” என்று காரியதரிசி வினவினார்.

குழப்பம் பெயரில் இருக்கிறது. கோணிப்பைக்கு உதவும் சணல் வேறு. மடக்கி உழும் பசுந்தாள் உரமாகிய சணப்பை வேறு. ஆங்கிலத்தில் சணப்பையை ‘சன் ஹெம்ப்’ என்பர். ஆனால் ‘ஹெம்ப்’ என்று தனியே சொன்னால் அது கஞ்சாச் செடியே ஆகும். நாருக்கும் விதைக்குமாக வளர்க்கப்படும் வகைகளில் போதைச் சத்து மிகக் குறைவு, வேற்றுமை அவ்வளவே.

இதன் விதையில் போதை இல்லை. குமாவோன், கட்வால் மலைநாடுகளில் அதனை வறுத்தரைத்துத் துவையலாக உண்கின்றனர். விதையை ஆட்டியெடுக்கும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு லினோலிக் அமிலம். கொழுப்பை அறவே நீக்கிய உணவு தந்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்ததை 1929இல் பர் தம்பதியர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். தோலின் ஈரம் வெளியேறாமல் காக்க இவ்வமிலம் இன்றியமையாதது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே இவ்வெண்ணெய் வறண்ட சருமத்திற்கு இதமளிப்பதில் வியப்பில்லை. ஆயினும் அதே அமிலம் நம் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைந்துள்ளது. நல்லெண்ணெயிலும் ஏறக்குறைய 40 சதவிகிதம் உண்டு. விலையையும் சற்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

வியாபாரி புகழ்ந்த ‘கன்னாபிடையால்’ என்பது வேறு சரக்கு. அது பூவிலும் இலையிலும் உள்ள பிசினிலிருந்து எடுக்கப்படுவது. விதை எண்ணெயில் அது இருந்தால் ஒட்டிவந்த துளியளவே. அச்சத்து தோலின் எண்ணெய்ச் சுரப்பைத் தணிப்பதாக 2014இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்களில் கண்டது. அதைக்கொண்டு விதை எண்ணெய் முகப்பருவைப் போக்கும் என்று விற்பது முறையன்று.

இனிச் சட்டம். விதை விற்பது குற்றமன்று என்று வியாபாரி கூறினாராம். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் ‘கஞ்சா’ என்னும் சொல் பூந்தலையையே குறிக்கிறது. தனித்த விதை அதில் அடங்காது. அம்மட்டில் அவர் சொன்னது சரி. அவர் சொல்லாமல் விட்டது, உரிமமின்றிச் செடியைப் பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை. உத்தரகண்டில் 2018 முதல் நாருக்கும் விதைக்கும் உரிமம் தரப்பட்டது உண்மையே; போதைச் சத்து 0.3 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்பது அங்கே விதி. அந்த உரிமம் நம் வயலுக்குச் செல்லுமா? உரிமம் எங்கே என்று கேட்டு எழுதச் சொன்னோம்; பதில் வரவில்லை. நல்லவேளையாக, திரட்டிய பணம் அதுவரை கைமாறவில்லை. அவரவர்க்குத் திருப்பிக் கொடுத்து ரசீதில் கையொப்பம் பெறச் செய்தோம்.

புறப்படுமுன் அச்சீசாவைத் திறந்து முகர்ந்தோம். சிக்கு வாடை அடித்தது. இவ்வெண்ணெய் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் விரைவில் கெடும். கருநிறச் சீசாவில் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இதுவோ வெண்கண்ணாடியில், சன்னலோரம் இருந்தது. வெடித்த விரலில் கெட்ட எண்ணெயைத் தடவ வேண்டாமென்று அந்த அங்கத்தினரிடம் கூறி, வைத்தியரைப் பார்க்கச் சொன்னோம். சாயத்தொட்டியில் வேலை செய்வோர் அனைவருக்கும் ரப்பர் கையுறை வாங்க நிர்வாகக் குழு அன்றே தீர்மானம் செய்தது.